15 அமர்வு, இரண்டு நாற்காலி: முன்னாள் படைவீரர் தம்பதிகளுக்கான பி.டி.எஸ்.டி. கூட்டுச் சிகிச்சை எப்படி?

படையிலிருந்து திரும்பிய ஒருவருக்கு பி.டி.எஸ்.டி. (பேரதிர்ச்சிக்குப் பிறகு நீடிக்கும் மன உளைச்சல் நோய்) இருக்கிற வீட்டில் முதலில் இளைப்பது பேச்சு. சண்டையெல்லாம் அப்புறம்தான். "சாப்டாச்சா?", "கதவைப் பூட்டியாச்சா?" என்ற இரண்டு கேள்விக்குள் ஒரு நாள் முடிந்துவிடும். இரண்டாவது கேள்வி மட்டும் ஒரே ராத்திரியில் நாலு தடவை வரும். இந்த நிலையில் இருப்பவர்களிடம் "மனசுவிட்டுப் பேசுங்க" என்று சொல்லி அனுப்பினால், பேச உட்கார்ந்த பத்தாவது நிமிடம் ஒருவர் கதவை அறைந்து சாத்தியிருப்பார், இன்னொருவர் அழுதுகொண்டிருப்பார். எப்போது பேசுவது, எதை முதலில் எடுப்பது, எங்கே நிறுத்துவது, நிறுத்தியதை எப்போது திரும்பத் தொடுவது என்று யாராவது உட்கார்ந்து பழக்கிவிட வேண்டியிருக்கிறது.

அதைச் செய்கிற சேவைகளில் ஒன்று காக்னிடிவ் பிஹேவியரல் கன்ஜாயின்ட் தெரபி, சுருக்கமாக சி.பி.சி.டி. கேண்டிஸ் மான்சன், ஸ்டெஃபனி ஃப்ரெட்மன் என்ற இரண்டு உளவியல் ஆய்வாளர்கள் உருவாக்கியது. மொத்தம் 15 அமர்வு, ஒவ்வொன்றும் 75 நிமிடம், கணவன் மனைவி இருவரும் எல்லா அமர்விலும் இருக்க வேண்டும். அமெரிக்காவில் முன்னாள் படைவீரர் நலத்துறையின் (வி.ஏ.) மருத்துவ மையங்கள் சிலவற்றிலும், வெளியே பயிற்சி பெற்ற சிகிச்சையாளர்களிடமும் கிடைக்கிறது. இங்கே வசதிக்காகக் கணவனைப் படைவீரராகவும் மனைவியைத் துணையாகவும் வைத்து எழுதியிருக்கிறது. திருப்பிப் போட்டாலும் விஷயம் மாறாது, மரியாதைச் சொற்கள் மட்டும் மாறும்.

வழக்கமான திருமண ஆலோசனையோடு இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. அங்கே உறவுதான் நோயாளி. இங்கே குறி பி.டி.எஸ்.டி. மேலேயே இருக்கிறது, உறவு அதற்கான கருவியும் கூட. பி.டி.எஸ்.டி. தணியாமல் நிற்பதற்கு முக்கியக் காரணம் தவிர்ப்பு. ஞாபகத்தைத் தவிர்ப்பது, இடத்தைத் தவிர்ப்பது, அதைத் தூண்டும் பேச்சைத் தவிர்ப்பது. வீட்டில் பேச்சு நின்றுபோவதும் இந்தத் தவிர்ப்பின் ஒரு கிளைதான். அதனால் பேசப் பழகுவதையே சிகிச்சையாக வைத்திருக்கிறார்கள். இந்தச் சேவையின் மூளை இங்கேதான் இருக்கிறது. "அன்பா பேசுங்க" என்று நாகரிகம் சொல்லிக்கொடுக்கிற இடம் என்று நினைத்துப் போகிறவர்கள் மூன்றாவது அமர்விலேயே ஏமாந்துபோவார்கள்.

ஆதாரம் எப்படி? 2012-ல் ஜாமா மருத்துவ இதழில் வந்த சோதனையில் 40 தம்பதிகள் இருந்தார்கள். பாதிப் பேருக்கு உடனே சிகிச்சை, மீதிப் பேர் காத்திருப்புப் பட்டியலில். 0 முதல் 136 வரை போகும் அளவுகோலில், சிகிச்சை பெற்றவர்களின் பி.டி.எஸ்.டி. மதிப்பெண் காத்திருந்தவர்களைவிடச் சுமார் 23 புள்ளி கூடுதலாக இறங்கியது. பாதிக்கப்பட்டவருக்கு உறவில் இருந்த திருப்தியும் ஏறியது. நல்ல முடிவுதான், ஆனால் 40 தம்பதி என்பது சின்ன எண். ஒப்பிட்டதும் வேறொரு சிகிச்சையோடு இல்லை, காத்திருப்போடு. அந்த 40 தம்பதிகளும் படைவீரர் குடும்பங்கள் மட்டும் இல்லை. வி.ஏ.வும் அமெரிக்கப் பாதுகாப்புத் துறையும் 2023-ல் வெளியிட்ட வழிகாட்டுதலில் முதல் வரிசையில் நிற்பவை தனிநபர் சிகிச்சைகளான பி.ஈ. (தவிர்த்த ஞாபகத்தையும் இடத்தையும் படிப்படியாக எதிர்கொள்வது), சி.பி.டி. (அதிர்ச்சி பற்றிய எண்ணங்களை ஆராய்வது), ஈ.எம்.டி.ஆர். (கண்ணை அசைத்தபடி நினைவைக் கையாள்வது) ஆகிய மூன்றும்தான். கூட்டுச் சிகிச்சையைப் பரிந்துரைக்கவோ வேண்டாம் என்று சொல்லவோ போதிய ஆதாரம் இல்லை என்கிறது அந்த வழிகாட்டுதல். தனியாகப் போய் உட்கார மறுக்கிறவர் "நீ வர்றதா இருந்தா வரேன்" என்று சொன்னால், அப்போது இதற்கு மவுசு கூடுகிறது. நிறைய வீடுகளில் நிலைமை அதுதான்.

முதல் இரண்டு அமர்வு: நிறுத்தக் கற்பது

முதல் அமர்வில் நோயைப் பற்றிய விளக்கம் வருகிறது. பி.டி.எஸ்.டி.யின் அறிகுறிகள் நாலு கூட்டமாக நிற்கும்: வேண்டாத நினைவுகள் உள்ளே புகுவது, தவிர்ப்பது, எண்ணமும் மனநிலையும் கறுத்துப்போவது, உடம்பு எப்போதும் உஷாராக இருப்பது. மனைவிமார் அடிக்கடி தப்பாகப் படிப்பது மூன்றாவதை. உணர்ச்சி மரத்துப்போவதை "என் மேல பிரியம் விட்டுப்போச்சு" என்று எடுத்துக்கொள்வார்கள். கோபத்தைவிட இந்த மரத்துப்போதல்தான் உறவை அதிகம் அரிக்கிறது, கோபம் மட்டும் கண்ணுக்குத் தெரிகிறது. இந்த ஒரு விளக்கத்தைக் கணவனும் மனைவியும் ஒரே அறையில், ஒரே நேரத்தில், மூன்றாவது மனிதர் வாயிலிருந்து கேட்பதே பாதிப் பாரத்தை இறக்கிவிடும்.

வீட்டுப்பாடம் முதல் வாரமே தொடங்கிவிடுகிறது. தினமும் துணை செய்த ஒரு நல்ல காரியத்தைக் கண்டுபிடித்து, எழுதி, அவரிடம் சொல்ல வேண்டும். கேட்கச் சின்னப்பிள்ளை வேலை மாதிரி இருக்கும். ஆனால் எதிராளியை ஆபத்தாகவே பார்த்துப் பழகிய கண்ணுக்கு இது பயிற்சி. சொதப்புவது எங்கே என்றால், "இன்னிக்காவது குப்பையை வெளிய வச்சீங்களே" என்று சொல்வது. அந்த "ஆவது" உள்ளே வந்ததும் பாராட்டு குத்தலாகிவிடும். "குப்பையை வெளிய வச்சிட்டீங்க, எனக்கு ஒரு வேலை மிச்சம்." அவ்வளவு போதும்.

இரண்டாவது அமர்வில் வருவது இடைநிறுத்தம். 15 அமர்விலும் காசு கொடுத்து வாங்கத் தகுந்த ஒன்றே ஒன்றைச் சொல்லச் சொன்னால் இதைத்தான் சொல்ல வேண்டும். சண்டை உச்சிக்குப் போன பிறகு எந்தப் பேச்சுத் திறமையும் வேலை செய்யாது. உஷார் நிலையில் இருக்கும் உடம்புக்குக் கோபம் படிப்படியாக ஏறுவதில்லை, ஒரே தாவு. அதனால் தாவுவதற்கு முன்னால் இருக்கிற அரை நிமிடத்தைப் பிடிக்கப் பழக்குகிறார்கள்.

முதலில் ஒவ்வொருவரும் தன் உடம்பின் அறிகுறியைத் தெரிந்துகொள்ள வேண்டும். தாடை இறுகுவது, பதில் ஒற்றைச் சொல்லாவது, கால் ஆடுவது, பார்வை கதவுப் பக்கம் போவது. அடுத்தவருடைய அறிகுறியைப் பார்த்து "உங்களுக்கு ஏறுது" என்று சொல்லக் கூடாது. அப்படிச் சொன்னால் அதுவே பொறி. யார் இடைநிறுத்தம் கேட்கிறாரோ அவர் தன்னைச் சொல்லித்தான் கேட்க வேண்டும்: "எனக்கு ஒரு நிறுத்தம் வேணும், அரை மணி கழிச்சு ஏழரைக்கு வரேன்." கையால் காட்டும் ஒரு சைகையையும் முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்வது நல்லது, ஏனென்றால் அந்த நேரத்தில் சிலருக்கு வாய் வராது. சொன்னதும் இருவரும் வேறு வேறு இடத்துக்குப் போக வேண்டும். பின்னாலேயே போய் "ஒரு நிமிஷம், இதை மட்டும் சொல்லிடறேன்" என்பது இடைநிறுத்தத்தைக் கொன்றுவிடும். பிரிந்திருக்கும் நேரத்தில் மது கூடாது, வண்டி எடுக்கக் கூடாது, போனில் மூன்றாவது ஆளுக்குப் புகார் சொல்லக் கூடாது. மூச்சை நாலு எண்ணி இழுத்து ஆறு எண்ணி விடுவது, நடப்பது, முகம் கழுவுவது, இந்த மாதிரி சாதாரணக் காரியங்கள்தான்.

இதில் ஒரு பிழை கிட்டத்தட்ட எல்லோரும் செய்வது: திரும்பி வராமல் இருப்பது. சூடு ஆறிவிட்டது, இனி எதற்குக் கிளற வேண்டும் என்று இருவரும் விட்டுவிடுவார்கள். இரண்டு தடவை அப்படி நடந்தால் மூன்றாவது தடவை மனைவி நிறுத்தத்துக்கு ஒப்ப மாட்டார். அவருக்கு அது ஓடிப்போவதாகத்தான் தெரியும், தெரிவதில் தப்பும் இல்லை. ஏழரை என்றால் ஏழரைக்கு வந்து நிற்க வேண்டும். பேச இன்னும் தெம்பு இல்லையென்றால் அதைச் சொல்லவாவது வர வேண்டும்: "இன்னும் இறங்கல. நாளைக் காலைல காப்பி குடிச்சதும் பேசலாம்." நேரத்தைச் சொன்னவரே வந்து திரும்பத் தொடங்க வேண்டும் என்று வைத்துக்கொண்டால் குழப்பம் குறையும்.

மூன்று முதல் ஏழு வரை: சேவையின் சாரம்

மூன்றாவது அமர்வில் கேட்கப் பழக்குகிறார்கள். ஒருவர் ரெண்டு மூணு வாக்கியம் பேசி நிறுத்துவார். மற்றவர் பதில் சொல்லாமல், கேட்டதைத் தன் வார்த்தையில் திருப்பிச் சொல்லி, "சரியா?" என்று கேட்க வேண்டும். சரி என்ற பிறகுதான் முறை மாறும்.

முறை ஆங்கிலத்தில் பிறந்தது. வீட்டில் தமிழ் பேசுகிறவர்கள் இதை அப்படியே எடுத்தால் ஓரிடத்தில் வழுக்கும், அதை எந்தச் சிகிச்சையாளரும் சொல்லித்தரப் போவதில்லை. அடுத்தவர் சொன்னதைத் திருப்பிச் சொல்ல நம் வாய்க்குத் தானாக வருவது "ஆம்". "கூட்டம்னா பயமாம்." "தூக்கமே வரலையாம்." அந்த "ஆம்" ஒட்டியதும் நக்கல் வந்துவிடும், சொன்னவருக்கு அந்த எண்ணமே இல்லாவிட்டாலும். "ன்னு சொல்றீங்க" என்று முடித்தாலும் கொஞ்சம் குறுக்கு விசாரணை வாடை அடிக்கும். "கூட்டத்துல வெளிய போற வழி தெரியலன்னா உங்களுக்கு மூச்சு முட்டுது, அதனாலதான் வரலன்னீங்க. சரியா?" என்று நேராக அவர் நிலையைச் சொல்லி, கடைசியில் கேள்வியை வைப்பது பாதுகாப்பு. "எனக்குப் புரியுது" என்ற வாக்கியத்தை அறவே விட்டுவிடலாம். போர்முனையைப் பார்த்தவரிடம் அது பொய்யாகத்தான் ஒலிக்கும்.

நாலாவது அமர்வு உணர்ச்சியைச் சொல்ல, ஐந்தாவது எண்ணத்தைச் சொல்ல. இரண்டையும் ஏன் தனித்தனியாகப் பிரித்தார்கள் என்று முதலில் தோன்றும். பிரித்ததுதான் சரி. "நீங்க என்னை மதிக்கிறதே இல்ல" என்பது உணர்ச்சி மாதிரி வெளியே வருகிற எண்ணம். அதை உணர்ச்சி என்று நினைத்துச் சொன்னால் எதிராளி மறுக்கத்தான் செய்வார். இந்த விஷயத்தில் தமிழ் ஒரு கை கொடுக்கிறது. கடைசியில் "தோணுது" போட முடிந்தால் அது எண்ணம்: "என்னை மதிக்கலன்னு தோணுது." "எனக்கு ... இருக்கு" என்று முடிந்தால் உணர்ச்சி: "எனக்கு வருத்தமா இருக்கு." ஆங்கிலப் பயிற்சியில் 'நான்' என்று வாக்கியத்தைத் தொடங்கச் சொல்லி மணிக்கணக்கில் பழக்குகிறார்கள். நமக்கு "எனக்கு" என்று தொடங்குவது தாய்ப்பாலோடு வந்தது. கெடுப்பது வால்தான்: "நீங்க கத்தினதாலதான் எனக்குப் பயமா இருக்கு." அந்த "தான்" விரலை நீட்டிவிடுகிறது. "சத்தம் கூடினப்போ எனக்குப் பயமா இருந்துச்சு" என்றால் அதே செய்தி, விரல் மடங்கியிருக்கிறது.

"ஏன்" என்ற சொல்லும் அப்படித்தான். "ஏன் எழுந்து போனீங்க?" என்பதற்குக் காரணம் தெரிந்தால் அவர் எழுந்தே போயிருக்க மாட்டார். "எந்த இடத்துல இறுக்கமா ஆச்சு?" என்று கேட்டால் அவரால் சொல்ல முடியும்: "அந்தத் தட்டு கீழ விழுந்தப்போ." அதேபோல "எப்பப் பாத்தாலும்", "ஒரு நாளாவது", "உங்க வழக்கம்தானே" மூன்றையும் ஒரு தாளில் எழுதி ஒட்டி வைத்துக்கொண்டு தவிர்த்தால் பாதிச் சண்டை குறையும்.

உணர்ச்சிப் பட்டியல் ஒன்றைக் கொடுத்து அதிலிருந்து சொல்லைப் பொறுக்கச் சொல்லும் சிகிச்சையாளர்கள் உண்டு. இங்கே ஒரு குறை. மரத்துப்போனவருக்குப் பட்டியலில் எதுவும் பொருந்தாது, "ஒண்ணும் இல்ல" என்றுதான் பதில் வரும். நம் ஆட்கள் உணர்ச்சியை உடம்பில்தான் சொல்வார்கள்: "நெஞ்சு அடைக்குது", "வயித்தைப் பிசையுது", "என்னமோ பண்ணுது". இதை "உணர்ச்சிச் சொல் இல்லை" என்று சிகிச்சையாளர் தள்ளினால் நழுவ விடாதீர்கள், உடம்பிலிருந்தே தொடங்கச் சொல்லுங்கள். நெஞ்சு அடைப்பது எப்போது தொடங்கியது, எப்போது இறங்கியது என்று போனால் பத்து நிமிடத்தில் சொல் தானாக வரும். பெரும்பாலும் "கோவம்" என்று வருகிற இடத்தின் அடியில் பயம் கிடக்கும்.

ஆறாவது அமர்வு, ஒட்டிக்கொண்ட எண்ணத்தை இருவரும் சேர்ந்து கழற்றிப் பார்ப்பது. "கூட்டம்னாலே ஆபத்து" என்பது மாதிரியான எண்ணத்தை எடுத்துவைத்து, இதற்கு வேறு எப்படியெல்லாம் பொருள் இருக்கலாம் என்று இருவரும் கேள்விகேட்டு அடுக்குவார்கள், தீர்ப்பு சொல்லாமல். சொல்லச் சுலபம். நடைமுறையில் மனைவி வக்கீலாகிவிடுவார். "அப்படிப் பாத்தா போன வாரம் ஒண்ணும் ஆகலையே?" என்று வாதாடி ஜெயிப்பார், கணவன் வாயை மூடிக்கொள்வார். நல்ல சிகிச்சையாளர் இந்த இடத்தில் மனைவியைத்தான் நிறுத்துவார். ஏழாவது, பிரச்சினையைத் தீர்க்கும் முறை. இது எல்லாத் திருமண ஆலோசனையிலும் இருப்பதுதான், விசேஷமாக ஒன்றுமில்லை.

பேச்சோடு கூடவே நடைமுறைப் பயிற்சியும் ஓடுகிறது. பி.டி.எஸ்.டி.யால் தம்பதியாகச் செய்யாமல் விட்டதையெல்லாம் ஒரு பட்டியல் போட்டு, எளிதிலிருந்து கடினமாக அடுக்கி, வாரத்துக்குச் சிலவற்றைச் சேர்ந்து செய்ய வேண்டும். கூட்டம் குறைந்த நேரத்தில் கடைக்குப் போவது முதல், வாசலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்து சாப்பிடுவது வரை. பதற்றம் இறங்கும்வரை அங்கேயே இருக்க வேண்டும். ஏறும்போது கிளம்பி வந்தால் "கிளம்பினதாலதான் தப்பிச்சோம்" என்று உடம்பு பாடம் படித்துவிடும்.

விட்டுக்கொடுப்பு என்னும் பொறி

மனைவியின் பக்கம் இந்தச் சிகிச்சை வைக்கும் விரல் இதுதான், பலருக்கும் கசப்பதும் இதுதான். கணவன் எரிச்சல்படக் கூடாது என்று பிள்ளைகளை அடக்குவது, விருந்துக்கு அவருக்குப் பதில் தானே சாக்கு சொல்வது, போன் வந்தால் தானே எடுத்துப் பேசுவது, சர்ச்சைக்குரிய விஷயத்தை வாயைத் திறந்து சொல்லாமலே விழுங்குவது. எல்லாம் அன்பினால் செய்வது. ஆனால் ஒவ்வொன்றும் தவிர்ப்புக்கு ஒரு செங்கல். 2014-ல் ஃப்ரெட்மனும் சகாக்களும் இந்த விட்டுக்கொடுப்பை அளக்கவே ஒரு கேள்வித்தாளை வெளியிட்டார்கள்.

இதைச் சரிசெய்கிறேன் என்று மனைவி ஒரே வாரத்தில் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டால் வீடு தாங்காது. அதுவும் ஒரு வகைத் தண்டனையாகத்தான் கணவனுக்குப் படும். ஒன்றை எடுத்து, முன்கூட்டியே சொல்லி, தேதி போட்டு நிறுத்துவது முறை: "அடுத்த வாரத்திலேருந்து உங்க அண்ணன் போன் பண்ணா நான் எடுத்து சாக்கு சொல்ல மாட்டேன். நீங்களே பேசுங்க, இல்ல நாளைக்குக் கூப்பிடறேன்னு சொல்லுங்க." இதை நன்றாகப் பேசும் நேரத்தில் சொல்ல வேண்டும், போன் அடிக்கும் நேரத்தில் இல்லை.

எட்டு முதல் பதினைந்து வரை

இரண்டாம் பாதி அதிர்ச்சி நிகழ்வைப் பற்றிய எண்ணங்களுக்குள் போகிறது: ஏற்றல், பழி, நம்பிக்கை, கட்டுப்பாடு, மன நெருக்கம், உடல் நெருக்கம், பிறகு அதிர்ச்சிக்கு அப்பால் வளர்தல், கடைசியாக மொத்தத்தையும் திரும்பிப் பார்த்தல். அங்கே நடந்ததைக் கணத்துக்குக் கணம் விவரிக்கச் சொல்வதில்லை என்பது இந்தச் சிகிச்சையின் பெரிய வசதி. அதைக் கேட்டு மனைவிக்குக் கெட்ட கனவு வர வேண்டியதில்லை, சொல்லக் கூடாத பணி ரகசியத்தைச் சொல்ல வேண்டிய கட்டாயமும் இல்லை. அந்த நிகழ்வுக்கு அவர் என்ன பொருள் கொடுத்து வைத்திருக்கிறார் என்பதுதான் இங்கே பேச்சு.

பழி அமர்வில் ஒரு எச்சரிக்கை. "நான் அன்னிக்குச் சரியான முடிவு எடுத்திருந்தா அவன் பொழச்சிருப்பான்" என்று கணவன் சொன்ன மாத்திரத்தில் "ஐயோ, உங்க மேல தப்பே இல்ல" என்று மனைவி பாய்ந்துவிடுவார். ஆறுதல்தான், ஆனால் கதவு மூடிவிடும். "இவளுக்குத் தெரியாது" என்று அவர் உள்ளே போய்விடுவார். "அன்னிக்கு அந்த நேரத்துல உங்களுக்கு என்னென்ன தெரிஞ்சிருந்துச்சு?" என்று கேட்டு, பிறகு பேசாமல் இருக்க வேண்டும். அந்த மௌனம் முப்பது வினாடி போகலாம். முப்பது வினாடி ரொம்ப நீளம். இந்த அமர்வுக்குப் பிறகு வீட்டுக்குப் போகும் வழியில் பேச்சை நீட்டாமல் இருப்பதும் உத்தமம்.

உடல் நெருக்கத்துக்கு ஒரே ஒரு அமர்வு என்பது போதவில்லை. பி.டி.எஸ்.டி.க்கும் அதோடு வரும் மனச்சோர்வுக்கும் கொடுக்கும் மாத்திரைகள் பலவற்றுக்கு ஆசையைக் குறைக்கும் பக்கவிளைவு உண்டு, அதை மருத்துவரிடம் தனியாகக் கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் இந்த அமர்வில் உட்கார்ந்தால் மருந்தின் வேலையை மனசின் மேல் போட்டுப் பேசிக்கொண்டிருப்பார்கள்.

அளவெடுப்பு நன்றாக இருக்கிறது. 20 கேள்வி, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை, மொத்தம் 80 மதிப்பெண் உள்ள தாளைக் கணவன் தன்னைப் பற்றி நிரப்புவார், அவரைப் பற்றி மனைவியும் நிரப்புவார். இரண்டு தாளையும் பக்கத்தில் வைத்தால் விழும் வித்தியாசம்தான் சுவாரசியம். தூக்கத்துக்குக் கணவன் 1 போட்டிருப்பார், மனைவி 4 போட்டிருப்பார். யார் சரி என்று சண்டை போடாமல் அதையே பேச்சுக்கு எடுக்கத் தெரிந்த சிகிச்சையாளர் கிடைத்தால் அதிர்ஷ்டம்.

கைவிட்ட இடங்கள்

ராத்திரி. 75 நிமிட அறைப் பேச்சில் ராத்திரி போதுமான அளவு வருவதில்லை. கெட்ட கனவில் இருக்கும் படைவீரரைத் தொட்டு எழுப்பக் கூடாது என்பதை முதல் அமர்விலேயே பெரிய எழுத்தில் கொடுக்க வேண்டும். தூக்கத்தில் தொடும் கை அவருக்கு எதிரியின் கை, தள்ளுவதோ கழுத்தைப் பிடிப்பதோ அவர் அறியாமல் நடக்கும். கட்டிலைவிட்டு எழுந்து, கை எட்டாத தூரத்தில், கால்மாட்டுப் பக்கம் நின்று, விளக்கைப் போட்டு, தாழ்ந்த குரலில் பேச வேண்டும். பெயர், யார் பேசுவது, எந்த இடம், இந்த மூன்றும்: "முரளி, நான் பேசறேன். நம்ம வீட்லதான் இருக்கோம். படுக்கை ரூம்." கணவனைப் பெயர் சொல்லிக் கூப்பிடாதவர்களும் இந்த நேரத்தில் பெயரைச் சொல்வது நல்லது. "ஏங்க, ஏங்க" என்பது கனவுக்குள் போய் எட்டாது. எழுந்ததும் "என்ன கனவு?" என்று கேட்க வேண்டாம். தண்ணீர் வேண்டுமா என்று கேட்டால் போதும், பேச்சு விடிந்த பிறகு. வழக்கமாகத் தள்ளுமுள்ளு நடக்கிறது என்றால் கொஞ்ச காலம் தனிப் படுக்கை வைத்துக்கொள்வதில் அவமானம் ஒன்றும் இல்லை. அதை மட்டும் பகலில், இருவரும் சேர்ந்து, முடிவுத் தேதியோடு பேசி வைக்க வேண்டும்.

பிள்ளைகளிடம் என்ன சொல்வது என்பதும் தொங்கலில் நிற்கிறது. மனைவியின் சொந்தக் களைப்புக்கும் இடம் குறைவு. அவருக்கே மனச்சோர்வு முற்றியிருந்தால் அவருக்குத் தனியாக ஒரு சிகிச்சையாளர் வேண்டும், இந்த அறையில் அது தீராது.

யார் எடுக்கக் கூடாது என்பதில் மழுப்பலே வேண்டாம். வீட்டில் அடி உதை கடுமையாக இருந்தால் இது சரிப்படாது. மனசைத் திறந்து பேசு என்று ஒரு பெண்ணை அறையில் உட்காரவைத்து, அன்று ராத்திரி அதற்காக அடி வாங்கவைக்கக் கூடாது. 2012 சோதனையிலும் கடுமையான வன்முறை உள்ள தம்பதிகளைச் சேர்க்கவில்லை. மதுவோ போதையோ பிடியை மீறியிருந்தால் முதலில் அது. தற்கொலை எண்ணம் நெருங்கியிருந்தால் எந்தப் பேச்சுப் பயிற்சியும் அப்புறம். நேராகக் கேட்கலாம், கேட்பதால் எண்ணம் முளைக்காது: "சாகணும்னு நினைப்பு வருதா?" வருகிறது என்றால் துப்பாக்கியும் மாத்திரையும் வீட்டிலிருந்து வெளியே போக வேண்டும். அமெரிக்காவில் 988-ஐ அழைத்து 1-ஐ அழுத்தினால் படைவீரர் நெருக்கடி உதவி எண், குடும்பத்தாரும் அழைக்கலாம்.

15 அமர்வுக்கு வழியில்லாதவர்களுக்கு

எட்டு அமர்வாகச் சுருக்கிய வடிவமும் இருக்கிறது, வீட்டிலிருந்தே காணொளியில் செய்யவும் சோதித்திருக்கிறார்கள். காணொளியில் ஒரே திரைக்கு முன்னால் தோளோடு தோள் உட்கார்ந்து சிகிச்சையாளரையே பார்த்துப் பேசுவது பெரிய தவறு. நாற்காலியை ஒருவரையொருவர் பார்க்கும்படி போட்டு, கேமராவைப் பக்கவாட்டில் வையுங்கள். கப்புள் ஹோப்ஸ் என்ற இணையவழி வடிவமும் இதே அடிப்படையில் வந்ததுதான், வழிநடத்த ஒருவர் இருப்பார்.

அவர் எந்தச் சிகிச்சைக்கும் வர மாட்டேன் என்கிறாரா? அப்போது வி.ஏ.வின் கோச்சிங் இன்டு கேர் தொலைபேசிச் சேவைதான் முதல் கதவு. 888-823-7458, திங்கள் முதல் வெள்ளி வரை, அமெரிக்கக் கிழக்கு நேரப்படி காலை 8 முதல் இரவு 8 வரை, இலவசம். மனைவியோ அம்மாவோ தனியாக அழைக்கலாம், சிகிச்சைப் பேச்சை வீட்டில் எப்படி எடுப்பது என்று பழக்குவார்கள். வி.ஏ. கிராஃப்ட் என்ற இலவச இணையப் பாடமும் அதே வேலைக்கானது. மதுப் பழக்கம் உள்ளவரைச் சிகிச்சைக்குக் கொண்டுவரக் குடும்பத்தைப் பழக்கிய முறையிலிருந்து எடுத்தது. அவர் நன்றாக இருக்கும் வேளையைப் பார்த்துப் பேச்சை வைப்பது, நல்லது செய்தால் உடனே கவனிப்பது என்று போகும். சிகிச்சை மறுப்பவருக்கு மட்டும்தான் உபயோகம், ஏற்கெனவே போய்க்கொண்டிருப்பவருக்கு இதில் ஒன்றும் இல்லை.

2011-ல் வந்த பி.டி.எஸ்.டி. கோச் செயலியும் குடும்பத்தாருக்கான பி.டி.எஸ்.டி. ஃபேமிலி கோச்சும் இலவசம். மூச்சுப் பயிற்சிக்கும் அடிப்படை விளக்கத்துக்கும் நல்லவை. ஆனால் சண்டை நடுவில் போனை எடுத்து "இதுல என்ன போட்டிருக்கு பாருங்க" என்று காட்டினால் அந்தச் செயலி அன்றோடு சரி.

நேரம் பதிவு செய்ய அழைக்கும்போது "தம்பதி சிகிச்சை தருவீங்களா?" என்று கேட்டால் எல்லோரும் ஆமாம் என்பார்கள். "பி.டி.எஸ்.டி.க்கான சி.பி.சி.டி. பயிற்சி எடுத்தவர் யார்? வாராவாரம் இரண்டு பேரிடமும் மதிப்பெண் தாள் வாங்குவாரா? முதல் அமர்வுக்கு முன்னால எங்களைத் தனித்தனியா கூப்பிட்டு வீட்டில் அடிதடி இருக்கான்னு கேட்பாரா?" என்று கேளுங்கள். மூன்றாவது கேள்விக்குத் தயங்கினால் அடுத்த எண்ணுக்குப் போய்விடலாம்.